கிடேரி சுத்தி வந்த மலை

வடக்க, அதுக்கும் வடக்க, அதுக்கும் வடக்க போனா, கடலுக்கு நடுவுல ஒரு தீவு இருந்துச்சாம். கப்பல்ல போறவனுக்குச் சோத்து மூட்டை தீந்து, கருவாடு தீந்து, பொறுமையும் தீந்து போனப்புறம்தான் அந்தத் தீவு கண்ணுக்குத் தெரியுமாம். காலை மடக்கி ஒழுங்கா உக்காருங்க எல்லாரும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தா போர்வை கிழிஞ்சிரும், சொல்லிட்டேன்.

அந்தத் தீவுக்கு நடுவுல ஒரு மலை. சாதாரண மலை இல்ல, நெருப்பு மலை. வயித்துக்குள்ள நெருப்பு, தலை மேல பனி. எப்பவாவது கோவம் வந்தா நெருப்பைக் கக்கும், கக்கின நெருப்பு கூழ் மாதிரி ஓடி வந்து, ஆறி, கருங்கல்லா உறைஞ்சு போகும். மத்த நாள்ல சும்மா பொகைஞ்சுக்கிட்டே கெடக்கும். அடிவாரத்துல பூமிக்குள்ளேருந்து வெந்நீர் புஸ்ஸுன்னு பனை மர உசரத்துக்குப் பீச்சி அடிக்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடங்கிரும், அப்புறம் மறுபடியும் பீச்சி அடிக்கும். என்னடா வாயைப் பொளக்கிற? நெசமாத்தான்.

அந்த ஊர்ல மரமே கெடையாது. காத்து அப்படி அடிக்கும், எது மொளைச்சாலும் புடுங்கிட்டுப் போயிரும். மரம் இல்லன்னா வெறகு இல்ல, வெறகு இல்லன்னா அடுப்பு இல்ல, அடுப்பு இல்லன்னா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க? அங்கதான் இருக்கு சங்கதி. மலை அடிவாரத்துல ஒரு திடல் இருக்கு, அங்க மண்ணே எப்பவும் கொதிச்சுக்கிட்டு இருக்கும். ஊர்ப் பொம்பளைங்க ஒரு கருப்பு மாவைப் பிசைஞ்சு, சட்டியில போட்டு, இறுக்கி மூடி, அந்த மண்ணுல முழங்கை ஆழம் குழி தோண்டிப் பொதைச்சிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து தோண்டினா, ரொட்டி வெந்து கருப்பட்டி நெறத்துல மணமணன்னு மணக்கும். வீட்டுக்கு ஒரு குழி, குழி மேல அவங்கவங்க அடையாளக் கல்லு. அடுத்தவங்க கல்லை யாரும் தொட மாட்டாங்க. இப்படி பூமியே அவங்களுக்கு அடுப்பா இருந்துச்சு.

அந்த ஊர்ல யோரூன்னு ஒருத்தி இருந்தா. புருசன் மீன் புடிக்கப் போன எடத்துல கடலோட போயிட்டான், புள்ளை குட்டி இல்ல. இருந்ததெல்லாம் ரெண்டு வயசுக் கிடேரி ஒண்ணு, அது பேரு ஹுப்பா. யோரூன் எழுந்தா ஹுப்பாகிட்ட பேசுவா, நடந்தா ஹுப்பாகிட்ட பேசுவா, தூக்கத்துலயும் ஹுப்பாகிட்டதான் பேசுவா. மழை வருமான்னு மாட்டைக் கேட்டுட்டுத்தான் துணி காயப் போடுவா. ஊருக்குள்ள அவளுக்குக் கிறுக்கின்னே பேரு. "யோரூன் மூளை மாட்டுக்குப் போயிருச்சு, மாட்டு மூளை எங்க போச்சோ தெரியல"ன்னு பொம்பளைங்க ரொட்டி பொதைக்கிறப்ப சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அவளும் கூடச் சேந்து சிரிப்பா.

இப்படி இருக்கையில, ஒரு வருசம் கடல் பனி உருகி வழி தொறந்ததும் ஒரு பெரிய கப்பல் வந்துச்சு. கப்பல்லேருந்து எறங்கினான் ஒரு அதிகாரி. தெக்க இருக்கிற ராஜாவோட அதிகாரி, பேரு மோர்ட்டன். குடிக்கிற மோர் இல்லடா, மோர்ட்டன். நடந்தா மூக்கு முன்னாடி போகும், ஆளு பின்னாடி வருவான், அவ்வளவு மிதப்பு.

வந்தவன் ஊரைக் கூட்டினான். கூட்டி, "இந்த மலை யாருது?"ன்னு கேட்டான்.

ஊர்ச்சனம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துச்சு. இப்படி ஒரு கேள்வியை அவங்க காதாலயும் கேட்டதில்ல. "மலை எப்படிங்க யாருதாவும் இருக்கும்? மலை மலையோடது"ன்னாங்க.

"இந்தக் கொதிக்கிற திடல் யாருது?"

"அது அடுப்புங்க. யாருதும் இல்ல, எல்லாரும் ரொட்டி பொதைப்போம்."

"அந்த வெந்நீர் யாருது?"

"அது பாட்டுக்குப் பீச்சுதுங்க, யாருதும் இல்ல."

உள்ளதை உள்ளபடி சொன்னாங்க பாவம், அதுதான் தப்பாப் போச்சு. மோர்ட்டன் ஒரு ஓலையை எடுத்து விரிச்சான். "யாருதும் இல்லாத நெலம் ராஜாவோட நெலம். நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க. இன்னையிலேருந்து மலையும் திடலும் வெந்நீரும் ராஜாவுக்குச் சொந்தம். ராஜாவுக்கு முட்டி வலி, இங்க அவர் குளிக்க வெந்நீர் மாளிகை கட்டப் போறோம். ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாது"ன்னுட்டான். சொன்ன கையோட ஆளுங்களை விட்டுத் திடலைச் சுத்தி முளை அடிக்கச் சொல்லிட்டான்.

"துரைங்களே, ரொட்டிக்கு எங்க போவோம்? வெறகு இல்லாத ஊருங்க இது"ன்னு பொம்பளைங்க அழுதாங்க.

"பச்சை மாவைத் தின்னுங்க"ன்னான் அந்தப் பாவி.

ஊரே தலையில கை வச்சுக்கிட்டு நிக்கிது. அப்பத்தான் நம்ம கிறுக்கி, மாட்டுக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு முன்னாடி வந்தா. வந்து ஐனார் பெரியவரைப் பாத்தா. ஐனார் யாருன்னா, அந்தத் தீவுல சட்டத்தை எழுதி வைக்க மாட்டாங்க, ஒருத்தர் மொத்தத்தையும் மனசுல வச்சிருந்து, வருசத்துக்கு ஒரு தடவை பெரிய பாறை மேல ஏறி நின்னு முழுசாச் சொல்லணும். ஒரு வரி விட்டுட்டாலும் ஊரு விடாது. அந்த வேலைதான் அவருக்கு.

யோரூன் கேட்டா, "பெரியப்பா, பொம்பளைக்கு நெலம் குடுக்கிற சட்டம் ஒண்ணு சொல்லுவீங்களே, அது இன்னும் உசிரோட இருக்கா?"

"சட்டம் எங்கம்மா சாவும்?"னு ஐனார் பாறை மேல ஏறினார். ஏறி, கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னார்: "புருசன் இல்லாத பொம்பளை, ரெண்டு வயசுக் கிடேரியைக் கயித்துல புடிச்சு, தன் கால்ல நடந்து, சூரியன் எழுந்ததும் கெளம்பி, சூரியன் விழறதுக்குள்ள கெளம்பின எடத்துக்கே வந்து சேந்தா, சுத்தி வந்ததுக்குள்ள இருக்கிற நெலம் அவளுது. ராஜாவே வந்தாலும் அவளுது. கயிறு கையை விட்டுச்சுன்னா எல்லாம் போச்சு."

மோர்ட்டன் அப்படியே யோசிச்சான். தன் ஆளைக் கூப்பிட்டு, "இந்த மலையைக் குதிரையில சுத்த எத்தனை நாளாகும்?"னு கேட்டான். "கல்லும் ஆறும் மணலுமா கெடக்கு, நல்ல குதிரைக்கே ஆறு நாளாகுமுங்க"ன்னான் அவன். மோர்ட்டன் அந்தக் கிடேரியைப் பாத்தான். அது நின்ன எடத்துல நின்னு, யோரூன் முந்தானையை மென்னுக்கிட்டு இருந்துச்சு. அவனுக்கு வந்துச்சு பாரு சிரிப்பு, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

"சரி பொம்பள, சுத்து. நாளைக்கே சுத்து. ஆனா ஒண்ணு, நீ தோத்துட்டா இந்த ஊர்ல ஒருத்தனும் மலைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது. மாடும் எனக்கு."

யோரூன் கையைப் பெசைஞ்சா. "நாளைக்கா? அய்யோ துரைங்களே, மாட்டுக்குக் குளம்புல புண்ணுங்க, பத்து நாள் குடுங்க."

"பத்து நாள் எடுத்துக்க."

"ஆடெல்லாம் குட்டி போடுற நேரமுங்க, முப்பது நாள் குடுங்க."

"முப்பது எடுத்துக்க."

"வழியெல்லாம் பனித் தண்ணி சேறுங்க, அது காய அறுபது நாள் ஆவும்."

"அறுபது நாள் எடுத்துக்கம்மா! கோடையில பகல் ரெண்டு நாழி கூடவே இருக்கும், அதையும் சேத்தே தர்றேன், போ"ன்னான் மோர்ட்டன். அவனுக்கென்ன, தெக்கத்தி ஆளு. கட்டட மரமும் தச்சனும் கொண்டு வர அவனும் ஊருக்குப் போக வேண்டியிருந்துச்சு. திடலுக்கு ஒரு காவக்காரனை வச்சுட்டு, மறுநாளே கப்பல் ஏறிப் போயிட்டான்.

ஐனார் பெரியவர் விரலை மடக்கி அறுபது நாளையும் எண்ணினார். எண்ணி முடிச்சு யோரூனைப் பாத்தார். யோரூன் மாட்டைப் பாத்தா. பெரியவர் இருமுற மாதிரி வாயைப் பொத்திக்கிட்டார். ஏன்னு கேக்காதீங்க, இப்பச் சொல்ல மாட்டேன்.

அறுபது நாளும் யோரூன் சும்மா இல்ல. ஆட்டுத் தோலைத் தைச்சு மாட்டுக்கு நாலு செருப்பு பண்ணினா. ஆட்டு மயிரும் குதிரை மயிரும் சேத்து நீளமா ஒரு கயிறு திரிச்சா. பொம்பளைங்க பாத்துட்டு, "மாட்டுக்குச் செருப்பாம்டீ"ன்னு சிரிச்சாங்க, ஆனா இந்தத் தடவை அவ்வளவு சத்தமாச் சிரிக்கல.

அறுபதாம் நாளுக்கு முந்தின சாயங்காலம் மோர்ட்டன் வந்து சேந்தான், கப்பல் நெறைய மரம். கடல் பயணம் ஒத்துக்காம வழியெல்லாம் வாந்தி எடுத்துட்டு, கப்பலோட அடித்தட்டுல சுருண்டு கெடந்தவன், பகல் எது ராத்திரி எதுன்னு பாக்கவே இல்ல. வந்ததும் படுத்தவனைக் கொஞ்ச நேரத்துலயே எழுப்பிட்டாங்க.

"இப்பத்தானேடா படுத்தேன்?"

"சூரியன் எழுந்தாச்சுங்க துரை."

கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு வந்து பாத்தான். நெசந்தான், கடல் மேல சூரியன். திடல் ஓரத்துல ஒரு கல்லுக் குவியல், அதுதான் கெளம்புற எடம். பக்கத்து மேட்டுல ஐனார் கொம்பு வாத்தியத்தோட உக்காந்திருந்தார், சூரியன் விழுந்ததும் ஊத வேண்டியது அவர் பொறுப்பு. யோரூன் கயித்தை மணிக்கட்டுல மூணு சுத்து சுத்திக்கிட்டு, "வா தாயி"ன்னா. ஹுப்பா நாலு செருப்பையும் போட்டுக்கிட்டு லொடக்கு லொடக்குன்னு கெளம்புச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் மோர்ட்டன் மேட்டுல நாற்காலி போட்டு உக்காந்தான். சூரியன் எறங்குச்சு, எறங்குச்சு, செவப்பாச்சு, கடலைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. "ஊதத் தயாராகு"ன்னான். அப்ப அந்தச் சூரியன் என்ன பண்ணுச்சு தெரியுமா? கடலைத் தொடல. அப்படியே செக்கு மாடு மாதிரி ஓரமாவே நகந்து நகந்து போச்சு. போயி, மறுபடியும் மேல ஏறிருச்சு!

ஆமாம்டா! அந்த ஊர்ல கோடையில அப்படித்தான். இருபத்தொரு நாள் சூரியன் விழவே விழாது, தலையைச் சுத்திச் சுத்தி வரும். அந்த இருபத்தொரு நாளைக்கு முந்தின கடைசி விடியல் எதுவோ, அதைத்தான் நம்ம கிறுக்கி அறுபது நாள் கணக்குப் போட்டுக் கேட்டு வாங்கியிருக்கா. இப்பப் புரியுதா பெரியவர் ஏன் இருமினார்னு?

"ஊதுய்யா!"ன்னு கத்தினான் மோர்ட்டன்.

"விழலைங்களே துரை."

மறுநாளும் நாற்காலி போட்டான். "ஊதுய்யா!"

"விழலைங்களே துரை."

மூணாம் நாள் கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி செவந்து கெடக்கு அவனுக்கு, தூக்கம் இல்ல. ஜன்னல்ல போர்வை கட்டிப் பாத்தான், ஓட்டையில வெளிச்சம் வந்துச்சு. தலையில சாக்கைப் போட்டுப் படுத்துப் பாத்தான், மூச்சு முட்டுச்சு. "என்னய்யா சூரியன் இது?"ன்னு அழாத குறையாக் கேட்டான்.

"இது எங்க ஊருச் சூரியனுங்க"ன்னார் ஐனார். சொல்றப்ப அவருக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிந்துச்சாம்.

இனிமே இங்க உக்காந்து பிரயோஜனம் இல்லன்னு மோர்ட்டன் குதிரை ஏறினான். யோரூன் அப்ப கருங்கல் காட்டுல நடந்துக்கிட்டு இருந்தா. நெருப்பு ஓடி உறைஞ்ச கல்லு, கண்ணாடிச் சில்லு மாதிரி காலைக் கிழிக்கும். அது மேல நாலு விரக்கடை கனத்துக்குச் சாம்பல் பச்சையில பாசி மெத்து மெத்துன்னு படந்து கெடக்கும், கண்ணுக்கு எட்டுற மட்டும் வேற எதுவுமே கெடையாது. யோரூன் பாசியை மிதிக்காம பழைய ஆட்டுத் தடத்துலயே போனா. ஒரு காலடி பட்டா அந்தப் பாசி மறுபடி வளர ஒரு ஆயுசு ஆகுமாம்.

"ஏ பொம்பள, நில்லு. ஊருல கண்ணாடி ஜன்னல் வச்ச வீடு தர்றேன். ஒரு புல்லு மொளைக்காத இந்த வெறுங்கல்லுக்கா நடக்கிற?"ன்னான்.

யோரூன் நிக்காமலே சொன்னா. "வெறுங்கல்லா? எங்க பாட்டிக்குப் பாட்டி காலத்துல இது நெருப்பா ஓடி வந்துச்சுங்க துரை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டு நின்னுச்சு. எங்க ஆட்டுப் பட்டிக்கு மூணு அடி தள்ளி வந்து நின்னுச்சு. அந்த மூணு அடியிலதாங்க நாங்க இன்னைக்கு உசிரோட இருக்கோம். உங்க கண்ணாடியை நீங்களே வச்சுக்கங்க."

அப்புறம் கருப்பு மணல் காடு வந்துச்சு. சாம்பலும் மணலும், குடிக்கத் தண்ணி இல்ல, ஒதுங்க நெழல் இல்ல. மாட்டுக்குக் கட்டிக்கிட்டு வந்த வைக்கோலைப் பாதி போட்டுப் பாதி வச்சுக்கிட்டு நடந்தா. தூங்கினா கயித்தைக் கையில சுத்திக்கிட்டு, மாட்டு வயித்துல சாஞ்சுக்கிட்டுத் தூங்கினா. அதைத் தாண்டினா ஆறு. மலை உச்சிப் பனி உருகி வர்ற ஆறு, ஒண்ணா இல்ல, பின்னல் பிரிச்ச மாதிரி முப்பது கெளையா ஓடும். ஜில்லுன்னா ஜில்லு, காலை வச்சா எலும்புக்குள்ள ஏறும். சூரியன் நல்லாத் தாழ எறங்குற நேரத்துல பனி உருகுறது கொறையும், தண்ணி வத்தும், அது வரைக்கும் கரையில காத்திருந்து எறங்கினா.

அங்கயும் வந்தான் மோர்ட்டன். "பத்துக் கறவை மாடு தர்றேன், நில்லு. குடிக்கக்கூட ஆகாத சாம்பத் தண்ணிக்கா நடக்கிற?"

"சாம்பத் தண்ணி இல்லைங்க, மாவு. அந்தப் பனி இருக்கே, அது மலையைத் திருகைக் கல்லு மாதிரி அரைச்சு மாவாக்கி இந்த ஆத்துல அனுப்புது. அந்த மாவு படிஞ்ச எடத்துலதாங்க எங்க புல்லு மொளைக்கும், அந்தப் புல்லைத் தின்னுதாங்க ஹுப்பா வளந்தா. எங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு யாருங்க சொன்னது? உங்களுக்குப் பாக்கத் தெரியல, அவ்வளவுதான்."

எனக்குச் சொன்னாலே உடம்பு சிலுக்குது. இடுப்பளவு பனித் தண்ணியில நின்னுக்கிட்டு ராஜாவோட ஆளுக்கு அப்படிப் பதில் சொன்னா பாரு.

இப்படியே நடந்து நடந்து இருபத்தோராம் நாளும் வந்துருச்சு. அன்னிக்குச் சாயங்காலம் சூரியன் நெசமாவே விழும், ஊருக்கெல்லாம் தெரியும். யோரூனுக்கு மாட்டுச் செருப்பு நாலும் தேஞ்சு போச்சு, அவ செருப்பு என்னைக்கோ போச்சு. மலையோட கடைசி முடுக்குல இருக்கிறது வேகுற பூமி. மஞ்சளும் செவப்புமா மண்ணு, அங்கங்க குழம்பு மாதிரி சேறு தளதளன்னு கொதிக்கும், மேல மண்ணு அப்பளம் கனத்துக்குத்தான் இருக்கும். எங்க கால் வைக்கலாம் எங்க வைக்கக் கூடாதுன்னு மனுசனுக்குத் தெரியாது. ஆனா ஹுப்பாவுக்குத் தெரியும். மூக்கைத் தரையில வச்சு உஸ்ஸுன்னு மோந்து பாத்துட்டுத்தான் ஒவ்வொரு காலா வைக்கும். யோரூன் அது வச்ச தடத்துலயே வச்சா.

எதிர்ல வந்தான் மோர்ட்டன். இந்தத் தடவை வீடும் பேசல, மாடும் பேசல, கையில கத்தி. கயித்தை அறுத்துட்டா முடிஞ்சுது கதைன்னு குறுக்கால பாஞ்சான். குதிரை அந்த ஊருக் குதிரை, வேகுற பூமி ஓரத்துல வந்ததும் நாலு காலையும் ஊனிக்கிட்டு நின்னுருச்சு. ஓங்கி உதைச்சான், அசையல. "போடா, நீயும் அவளோட ஆளுதானா"ன்னு திட்டிட்டு எறங்கி அவனே ஓடி வந்தான்.

"வராதீங்க துரை, மண்ணு மெலிசு!"ன்னு கத்தினா யோரூன்.

கேக்கல. ஒரு அடி வச்சான், ரெண்டடி வச்சான், மூணாவது அடியில பொளக்குன்னு முட்டி வரைக்கும் உள்ள போயிட்டான். கொதிக்கிற சேறு. "அய்யோ, ராஜாவே!"ன்னு அலறினான். கடலுக்கு அந்தாண்ட இருக்கிற ராஜாவுக்கு எங்க கேக்கப் போகுது? ஆட ஆட தொடை வரைக்கும் எறங்கிட்டான்.

இப்ப யோரூன் என்ன பண்ணுவா, சொல்லுங்க? விட்டுட்டுப் போலாம், பத்துப் பேருக்குப் பத்துப் பேரும் அவன் செஞ்சதுக்கு அனுபவிக்கிறான்னுதான் சொல்லுவாங்க. ஓடிப் போயித் தூக்கலாம், தூக்கினா கயிறு கையை விட்டுரும், ஊரோட அடுப்பு அணைஞ்சிரும். சூரியன் வேற எறங்கிக்கிட்டே இருக்கு. "நான் என்னடி பண்றது?"ன்னு மாட்டைக் கேட்டா. மாடு என்ன சொல்லும், நின்னு அசை போட்டுச்சு.

அப்பத்தான் அவ கயித்தைப் பாத்தா. நீளமாத் திரிச்ச கயிறு. ஒரு முனை மாட்டுக் கழுத்துல, நடுப் பாகம் அவ மணிக்கட்டுல, மீதிச் சுருளு தோள்ல தொங்குது. அந்தச் சுருளை வீசி எறிஞ்சா. "புடிங்க துரை!"

ஒரு கையில கத்தியை வச்சுக்கிட்டு ஒரு கையால புடிச்சான், வழுக்குச்சு.

"கத்தியைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் புடிங்க!"

கத்தியைப் பாத்தான், கயித்தைப் பாத்தான், கத்தியைப் போட்டான். "இழு தாயி, இழு கண்ணு, இழு தங்கம்"னா யோரூன். அவளும் இழுத்தா, ஹுப்பாவும் கொம்பைத் தாழ்த்திக்கிட்டு ஒரே இழு. பொளக்குன்னு போனவன் தளக்குன்னு வெளிய வந்தான். காலு ரெண்டும் வெந்து போச்சு, நடக்க முடியல. தோல்பையில கொண்டு வந்த பனித் தண்ணியில பாசியை நனைச்சு ஒத்தைக் கையாலயே அவன் காலுல வச்சுக் கட்டினா, அவனைக் கயித்து முனையில புடிக்கச் சொல்லி, மாட்டை ஓட்டிக்கிட்டு நடந்தா. கயிறு அவ கையை விடவே இல்ல.

இங்க ஊரே மேட்டுல நிக்கிது. சூரியன் கடலைத் தொட்டாச்சு, பாதி முங்கியாச்சு. ஐனார் கொம்பை வாய்ல வச்சிட்டார், சட்டம் சட்டம்தானே. அப்பத்தான் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹுப்பா தலை தெரிஞ்சுது, பின்னாடி யோரூன், அதுக்கும் பின்னாடி கயித்து முனையைப் புடிச்சுக்கிட்டு, தலை முதல் கால் வரைக்கும் சேறோட தவழ்ந்து வந்தது யாரு? ராஜாவோட அதிகாரி!

கல்லுக் குவியலுக்கு இருபது அடி இருக்கு. ஹுப்பா நின்னுருச்சு. பொசுக்குன்னு படுத்துக்கிச்சு. இருபத்தொரு நாள் நடந்த மாடு, அதுக்கு என்ன ராஜாவா சட்டமா? யோரூன் கெஞ்சுறா, கொஞ்சுறா, எழுந்திருக்கல. சூரியன் தோசை ஓரம் அளவுக்குத்தான் பாக்கி.

அந்த நேரம் பாத்து, அவளைக் கிறுக்கின்னு சிரிச்ச பொம்பளைங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? முளையைத் தாண்டித் திடலுக்குள்ள பாஞ்சாங்க. இருபத்தொரு நாளா, அவ இன்னைக்கு வந்துருவா, இன்னைக்கு வந்துருவான்னு, காவக்காரன் கண்ணு அசந்தப்பல்லாம் யோரூனோட அடையாளக் கல்லுக்குக் கீழ தெனமும் ஒரு சட்டி பொதைச்சு வச்சிருந்தாங்க. அதைத் தோண்டி எடுத்து, மூடியைத் தொறந்து, சுடச்சுட ரொட்டியைப் பிட்டாங்க. மணம் குப்புன்னு எந்திரிச்சுது. ஹுப்பாவுக்கு அந்த ரொட்டின்னா உசிரு. மூக்கு ஆடுச்சு, காது ஆடுச்சு, விருட்டுன்னு எழுந்து ஓடி வந்துச்சு பாரு, யோரூனும் ஓடினா, பின்னாடி மோர்ட்டனும் இழுபட்டுக்கிட்டே வந்தான். கல்லுக் குவியலைத் தாண்டினப்புறம்தான் சூரியன் முங்குச்சு. ஐனார் கொம்பு ஊதினார். அந்தச் சத்தம் மலை மேல மோதித் திரும்பி வந்துச்சாம்.

"மலை யோரூனோடது"ன்னார் ஐனார். "ராஜாவே வந்தாலும் அவளுது."

யோரூன் முதல் வேலையா முளையைப் புடுங்கினா. "எனக்கு ஒரு குழி போதும், பெரியப்பா. அவங்கவங்க கல்லு அவங்கவங்க எடத்துல இருக்கட்டும். இனிமே எவனாவது வந்து யாருதுன்னு கேட்டா மட்டும், எங்களுதுன்னு சொல்லுங்க"ன்னா. ஊரே எங்களுது, எங்களுதுன்னு கத்துச்சு.

அதோட முடியல. மோர்ட்டன் காலு ஆற மூணு மாசம் ஆச்சு. கடல் உறையுறதுக்குள்ள போயிரணும்னு கப்பல்காரங்க அவனை விட்டுட்டு ஓடிட்டாங்க. அவன் கொண்டு வந்த மரமெல்லாம் கரையில கெடந்துச்சு. மரமே இல்லாத ஊரு, விடுவாங்களா? ஹுப்பாவுக்கு நல்லதா ஒரு கொட்டில் கட்டினாங்க. மோர்ட்டனுக்கும் அதுலயே ஒரு மூலையில வைக்கோல் மெத்தை. யோரூன் தெனமும் ரொட்டியும் ஆட்டுப் பாலும் குடுத்தா, ஒரு நாளும் குத்திப் பேசல.

பனிக்காலம் வந்துச்சு. ஒரு நாள் சூரியன் விழுந்துச்சு. கோடையில விழாத சூரியன் பனிக்காலத்துல எழாதுடா. மோர்ட்டன் தூங்கி எழுந்தான், இருட்டு. "விடிஞ்சிருச்சா?"ன்னு கேட்டான்.

"இன்னும் இல்லைங்க துரை"ன்னா யோரூன்.

மறுபடி தூங்கி எழுந்தான். "விடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லைங்க துரை."

பத்துத் தடவை தூங்கி எழுந்தான், வெளிய ஊளைக் காத்து, உள்ள மாட்டு மூச்சு. "அம்மா, தாயே, இன்னுமா விடியல?"

யோரூன் ரொட்டியைப் பிட்டு அவன் கையில குடுத்தா. "அன்னிக்கு எனக்கு ஒரு பகல் குடுத்தீங்களே, அந்தப் பகலோட ராத்திரிங்க இது. கொஞ்சம் நீளந்தான். நான் முழுசா நடந்தேன், நீங்க முழுசா இருங்க"ன்னா.

அவனும் இருந்தான், வேற வழி? கடல் தொறந்து கப்பல் வந்ததும் ஊரு போய்ச் சேந்தான். ராஜா கேட்டாராம், "மலையில நம்ம கொடி பறக்குதா?"

"இல்லைங்க."

"வெந்நீர் மாளிகை கட்டியாச்சா?"

"இல்லைங்க."

"அப்ப நான் அனுப்பின மரமெல்லாம் எங்கடா?"

"மாட்டுக் கொட்டிலுங்க ராஜா. ரொம்ப நல்லா கட்டியிருக்காங்க, நானே ஒரு ராத்திரி தங்கியிருந்தேன்"னானாம்.

அதுக்கப்புறம் எந்த ராஜாவும் அந்த மலை யாருதுன்னு கேக்கல. அவங்க ரொட்டியும் வெந்துச்சு, என் கதையும் வெந்துச்சு. ஆளுக்கொரு துண்டு பிட்டுக்கிட்டுப் போய்ப் படுங்க, நமக்கெல்லாம் நல்லபடியா விடியும்.